மெற்றல் இசை: தட்டும் மேடையும்

ஓர் இசைக்குழுவின் இசைத்தட்டைக் கேட்டுப் பழகியவர், அதே குழு மேடையில் வாசித்ததைக் கேட்க நேரும்போது இரண்டிலொன்றைச் சொல்வார். தட்டிலிருந்த நேர்த்தி இதிலில்லை என்பார். அன்றேல், தட்டிலில்லாத உயிர் இதிலிருக்கிறது என்பார். மெற்றல் இசையில் ஈடுபாடுள்ள இளைஞரிடையே இவ்வாதம் ஓய்வின்றி நடைபெறுகிறது. எமது மாணவர் சிலர் எம்மையே நடுவராக இருத்தி இவ்வழக்கைப் பேசியதுமுண்டு. நாம் தீர்ப்புக் கூறவில்லை. எது சிறந்தது என்ற கேள்வி இரசிகனுக்குப் போதுமானது, விமர்சனத்துக்குப் போதாது. தட்டில் ஒலிப்பது யாருடைய உழைப்பு? யாருடைய ஒலி அதில் கேட்கவேண்டும், யாருடையது கேட்கலாகாது எனத் தீர்மானித்தவர் யார்? கேட்பவன் செய்வதற்கென்று அதில் ஏதேனும் விடப்பட்டிருக்கிறதா? தட்டுக்கும் மேடைக்கும் உள்ள வேறுபாடு இக்கேள்விகளுக்கு விடை காணுமிடத்திலேயே துலங்குகிறது.

இவ்விசையை வெறுங்கூச்சலென்றும் மேற்குலகச் சீரழிவின் அறிகுறியென்றும் ஒதுக்கித்தள்ளுவோர் முற்போக்காளரிடையேயும் உளர். அது பிறந்த இடத்தை அவர்கள் நோக்கியதில்லை. இங்கிலாந்தின் பேர்மிங்காம் உலோகத் தொழிலால் வளர்ந்த நகரம். அந்நகரின் அஸ்ரன் என்னும் தொழிலாளர் பகுதியில் வளர்ந்த ரொனி ஐயோமி, கீஸர் பட்லர், பில் வோட், ஒஸி ஒஸ்போண் என்னும் நால்வர் 1968 இல் ஒன்றுகூடி அமைத்த குழுவே பின்னர் பிளக் சபத் எனப் பெயர் பெற்றது. இவர்களுள் ஐயோமி தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தவர். இசையையே தொழிலாகக் கொள்ள எண்ணி வேலையை விட்ட கடைசி நாளில், தமக்குப் பழக்கமில்லாத இயந்திரமொன்றின் முன்னே நிறுத்தப்பட்டார். வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டினதும் நுனிகளை அவ்வியந்திரம் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 17. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கிற்றாரின் தந்திகளை அழுத்தும் கையும் அதுவே. பிளாஸ்ரிக் போத்தலொன்றை உருக்கி விரல்நுனிகளுக்கு உறைகள் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டிக்கொண்டு அவர் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். 1971 இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டிற் சில பாடல்களுக்குத் தந்திகளின் சுருதியையே தாழ்த்தினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு நோவு குறையும். இன்று மெற்றல் இசையின் முத்திரையாகக் கொள்ளப்படும் அந்தக் கனத்த தாழ்சுருதிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை விபத்தும் இருக்கிறது. சீரழிவு என்று சொல்வோர் எதன் சீரழிவு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பிளக் சபத்தின் முதலாவது இசைத்தட்டு 1969 ஒக்ரோபரில் இலண்டனில் ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. மதுச்சாலைகளிலும் சிறு மண்டபங்களிலும் இரவுதோறும் வாசித்துவந்ததை அவர்கள் ஒலிவாங்கியின் முன்னே மீண்டும் ஒருமுறை வாசித்தார்கள், அவ்வளவே. தொடக்கத்தில் ஒலிக்கும் மழையும் கோயில் மணியும் பின்னர் சேர்க்கப்பட்டவை. ஆகவே, தட்டில் உள்ளதை மேடையில் அப்படியே தருகிறார்களா என்று கேட்பது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும். மேடையே மூலம், தட்டு அதன் படி. 1970 பெப்ருவரியில் அத்தட்டு வெளிவந்தபோது இவ்வுறவில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

எனினும் முதற் சில தட்டுகளிலேயே வேறுபாடு தலைகாட்டுகிறது. குழுவில் கிற்றார் வாசிப்பவர் ஐயோமி ஒருவரே. தட்டில் அவர் தனியாவர்த்தனம் செய்யும்போது, முன்பே பதிந்துவைத்த அவரது கிற்றாரொலி சில இடங்களில் உடன்வரும். ஒரே மனிதர் இருவராகிவிடுகிறார். மேடையில் இது இயலாது. அவர் தனித்துப் புறப்பட்டதும் கீழே ஒரு பள்ளம் விழுகிறது. அப்பள்ளத்தை நிரப்புகிறவர் பேஸ் கிற்றார் வாசிக்கும் பட்லர். தட்டை மாத்திரம் கேட்டவருக்கு ஐயோமி பெருங்கலைஞராகத் தோன்றுவார். மேடைப்பதிவைக் கேட்டவருக்கு, ஐயோமி அவ்வாறு தோன்றுவதற்குப் பட்லரும் வோட்டும் எவ்வளவு பாடுபடுகின்றனர் என்பது புலனாகும்.

இனி, மேடையே எப்போதும் உண்மை, தட்டு எப்போதும் போலி என்று நாம் சொல்வதாக எவரும் கருதிவிடக்கூடாது. அதற்கு மாறான சான்றொன்றையும் இதே குழுவிலிருந்தே தரலாம். யுத்தத்தைத் திட்டமிடுவோர் வீட்டிலிருக்க, ஏழைகளே களத்துக்கு அனுப்பப்படுகின்றனர் என்று சாடும் 'வோர் பிக்ஸ்' என்ற பாடல் 1970 செப்ரெம்பரில் வெளியான இரண்டாவது தட்டில் முதலில் இடம்பெறுகிறது. வியற்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்வரை மேடைகளிலும் வானொலியிலும் அவர்கள் பாடிய வடிவம் வேறு. சூனியக்காரிகளின் விழாவைப் பற்றிய சித்திரங்களே அதில் மேலோங்கி நின்றன. தட்டுக்காகத் திருத்தப்பட்டபோதுதான் தளபதிகளும் அரசியல்வாதிகளும் நேரடியாகக் கூண்டிலேற்றப்பட்டனர். அத்தட்டுக்கே அப்பாடலின் பெயரை இடவேண்டுமென்று குழு விரும்பிற்று; வெளியீட்டு நிறுவனம் இணங்கவில்லை. எம்மைக் கேட்டால், பாடலின் சொல்லைப் பொறுத்தவரையில் தட்டே மேடையை வென்றது என்போம். ஒரு பாடலை இறுதியாக்க வேண்டுமென்ற நெருக்கடி, அதனை ஆக்குவோரைத் தாம் சொல்லவந்தது யாதென எண்ணிப்பார்க்க வைக்கிறது. மேடை அந்நெருக்கடியைத் தருவதில்லை. இன்றைக்குச் சரிவராதது நாளைக்குச் சரிவரும் என்ற நம்பிக்கையில் அது இயங்குகிறது.

ஒலிப்பதிவுக் கூடம் செல்வமும் நேரமும் பெற்று வளர்ந்தபோது தட்டுக்கும் மேடைக்கும் இடையேயிருந்த உறவு மாறிற்று. ஒவ்வொரு கருவியையும் வெவ்வேறு நாளில் வெவ்வேறாகப் பதிவதும், பல தடவை வாசித்தவற்றுள் நல்ல துண்டுகளை வெட்டியெடுத்து ஒட்டுவதும் வழக்கமாயின. ஒரு பொருளை முழுமையாகச் செய்த கைவினைஞன், அதன் உறுப்பொன்றை மாத்திரம் செய்யும் தொழிலாளியாகிய கதையை நாம் பொருளியல் நூல்களிற் படித்திருக்கிறோம். இங்கேயும் நடந்தது அதுவே.

பேர்மிங்காமின் அயலிலிருந்து எழுந்த மற்றொரு குழு ஜூடாஸ் பிறீஸ்ற். 'பிறிற்றிஷ் ஸ்ரீல்' என்னும் அவர்களின் இசைத்தட்டு 1980 ஏப்ரிலில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜனவரியிலிருந்து ஏப்ரிற் தொடக்கம் வரை பிரித்தானிய உருக்குத் தொழிலாளர் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தனர். உருக்குலைகளின் உலைவாய்கள் ஓய்ந்திருந்த அதே மாதங்களில், செல்வந்த இசைக்கலைஞர் ஒருவருக்குச் சொந்தமான நாட்டுப்புற மாளிகையொன்றில், உருக்கின் பெயர் தாங்கிய அந்தத் தட்டு பதிவாகிக்கொண்டிருந்தது. அதிலுள்ள 'மெற்றல் கோட்ஸ்' என்ற பாடலில் இரும்பு மனிதரின் காலடி கேட்கிறது. அவ்வொலி எவ்வாறு பெறப்பட்டது தெரியுமா? கரண்டிகளும் முட்கரண்டிகளும் நிறைந்த தட்டங்களைத் தூக்கிப் போட்டுக் குலுக்கி! இன்னொரு பாடலில் கண்ணாடி நொறுங்குவதற்குப் பாற்போத்தல்களை உடைத்தார்கள். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அக்குழுவின் பாடகர் றொப் ஹல்போட் உலோகத் தொழிற்சாலைகள் நிறைந்த வோல்சோலில் வளர்ந்தவர். இரும்பின் ஓசை எத்தகையது என்பதை எவரும் அவருக்குக் கற்பிக்கத் தேவையில்லை. ஆயினும் தொழிற்சாலையின் ஓசை தட்டுக்குள் நுழைய வேண்டுமாயின், அது சமையலறையின் வழியாகத்தான் நுழைய வேண்டியிருந்தது. மேடையில் அப்பாடலை அவர்கள் இசைக்கும்போது கரண்டிகள் முக்கியமல்ல. ஹல்போட் இயந்திரத்தைப் போல அசைந்து நடக்கிறார். அவருக்குப் பின்னே கிற்றார்கள் சம்மட்டியாகின்றன. ஓசை குறைகிறது, தொழிலாளியின் உடல் கூடுகிறது.

எமது வாதத்துக்கு மிக வலிய சான்று அமெரிக்கக் குழுவாகிய மெற்றாலிக்காவிடமிருந்து கிடைக்கிறது. இக்குழுவில் கிற்றார் வாசிப்போர் இருவர்: ஜேம்ஸ் ஹெற்பீல்ட், கேர்க் ஹமெற். ஆனால் 1980களின் தட்டுகளிலே பாடலின் முதுகெலும்பான தாளக் கிற்றாரை ஹெற்பீல்ட் ஒருவரே இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்குமாகத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கினார். ஹமெற்றின் பங்கு தனியாவர்த்தனங்களே. ஒரே கையின் அசைவு இருபுறமும் ஒலிப்பதனால் அத்தட்டுகளுக்கு வாளால் வெட்டினாற் போன்ற கூர்மை வாய்த்தது. அது மெய்யாகவே பெரும் சாதனைதான். மேடையிலோ இரு வேறு மனிதர் இரு புறமும் நின்று வாசிக்கின்றனர். இருவரின் கைகளும் ஒருபோதும் முற்றாக ஒன்றுபடுவதில்லை. அந்த நூலிழை வேறுபாட்டில் ஒலி சற்றே மங்குகிறது, ஆனால் அகல்கிறது. பலர் 'மேடையில் துல்லியமில்லை' என்று குறைகூறுவது பெரும்பாலும் இதனையே. துல்லியமின்மை என்று அவர்கள் அழைப்பது இரண்டாவது மனிதன் ஒருவன் இருக்கிறான் என்பதன் அடையாளம்.

அடுத்ததைக் கேளுங்கள். 1986 செப்ரெம்பரில் சுவீடனில் நிகழ்ந்த பஸ் விபத்தில் இக்குழுவின் பேஸ் கலைஞர் கிளிவ் பேற்றன் மாண்டார். அவரிடத்துக்கு ஜேசன் நியூஸ்ரெட் வந்துசேர்ந்தார். புதியவர் என்ற காரணத்தால் மற்றையோர் அவரைக் கேலிக்கும் தொல்லைக்கும் ஆளாக்கினர். பிற்காலத்தில் அவர்களே அதனை ஒப்புக்கொண்டுள்ளனர். 1988 இல் 'அண்ட் ஜஸ்ரிஸ் ஃபோர் ஓல்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அதனுடைய பொருள் நீதி. பணத்தினால் வாங்கப்படும் நீதிமன்றம், யுத்தத்தில் அவயவங்களை இழந்த போர்வீரன், பறிக்கப்படும் கருத்துரிமை என்பனவெல்லாம் அதன் பாடல்களில் வருகின்றன. ஆனால் அத்தட்டில் நியூஸ்ரெட்டின் பேஸ் கிற்றார் ஏறத்தாழக் கேட்பதேயில்லை! அவர் வாசித்திருந்தார், பதிவாகியிருந்தது, ஒலிகளைக் கலக்கும் மேசையில் ஒரு பொத்தானைக் கீழிறக்கி அதனை மறைத்துவிட்டார்கள். கலவைப் பணியில் ஈடுபட்ட ஸ்ரீவ் தொம்ஸன், ட்றம் வாசிக்கும் லாஸ் உல்றிக்கின் பணிப்பின் பேரிலேயே அவ்வாறு செய்ய நேர்ந்ததாகப் பின்னர் கூறியிருக்கிறார். ஹெற்பீல்டின் கிற்றாரையே பேஸும் பின்தொடர்ந்ததால் இரண்டும் ஒன்றில் ஒன்று மறைந்தன என்று தொழில்நுட்பக் காரணம் காட்டுவோரும் உளர். இருக்கலாம். ஆனால் நீதியைப் பற்றிய ஓர் இசைத்தட்டில் புதிதாக வந்த தொழிலாளியின் உழைப்பு கேட்காதபடி செய்யப்பட்டதென்ற உண்மையை எத்தொழில்நுட்பமும் மாற்றிவிடாது.

இதே பாடல்களை 1989 ஓகஸ்ற் இறுதியில் சியாற்றில் நகரில் அவர்கள் வாசித்த பதிவு, 1993 இல் வெளிவந்த தொகுதியொன்றில் இருக்கிறது. அதனைப் போட்டுக் கேளுங்கள். நியூஸ்ரெட் அங்கே இருக்கிறார். பேஸின் உறுமல் நிலத்தடியிலிருந்து எழுகிறது. தட்டில் எலும்புக்கூடாக நின்ற பாடல்களுக்குத் தசை பிடிக்கிறது. அவர் உரத்த குரலில் உடன்பாடவும் செய்கிறார். மேடையில் ஒருவனை இல்லாமற் செய்வது அத்துணை எளிதன்று. ஆயிரக்கணக்கானோரின் கண்முன்னே அவன் தந்தியை மீட்டிக்கொண்டு நிற்கிறான். அவ்வொலி எங்கே என்று எவரும் கேட்டுவிடுவர். 2018 இல் அத்தட்டு மறுபதிப்புப் பெற்றபோதும் கலவையை மாற்றுவதற்குக் குழு உடன்படவில்லை. அது அந்தக் காலத்தின் படம், அப்படியே இருக்கட்டும் என்பது அவர்கள் நிலை. நாம் அதில் முரண்படவில்லை. அநீதியின் சாட்சியம் திருத்தப்படாமல் இருப்பதே நல்லது.

அத்தட்டின் தலைப்புப் பாடல் ஏறக்குறைய பத்து நிமிடம் நீள்வது. சுற்றுப்பயணத்தில் அதனை வாசித்தபோது முன்வரிசையினர் கொட்டாவி விடுவதைக் கண்டதாக ஹமெற் சொல்லியிருக்கிறார். பல்லாண்டுகள் அப்பாடலை அவர்கள் மேடையில் முழுமையாக வாசிக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் கொட்டாவி விடுவதற்கு ஆளில்லை. அடுத்த தட்டு, 1991 இல், குறுகிய பாடல்களோடு வெளிவந்ததற்கு அந்த முன்வரிசைக்கும் ஒரு பங்குண்டு.

வேகம், சுருதி என்பவற்றைப் பற்றியும் ஒரு சொல். மேடையில் இக்குழுக்கள் பெரும்பாலும் தட்டைவிட விரைவாகவே வாசிக்கின்றன. அயன் மெயிடன் குழுவின் 1985 ஆம் ஆண்டு மேடைத்தட்டைக் கேட்போர் இதனை உடனே உணர்வர். பாடகரின் குரல் முதுமையடைய, சுருதி தாழ்த்தப்படுகிறது. பெரிய அரங்கின் எதிரொலியில் விரைந்த ட்றம் அடிகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. இவை யாவும் உடலுக்கும் இடத்துக்கும் உரிய எல்லைகள். பட்டியலிட்டு ஆராய்வதில் பெரும்பயனில்லை.

மேடையை உயர்த்திப் பேசுவோர் மறைத்துவிடும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 'மேடைத்தட்டு' என்ற பெயரில் விற்கப்படுவனவெல்லாம் மேடையல்ல. ஜூடாஸ் பிறீஸ்ற் 1979 இல் ரோக்கியோவில் வாசித்தவற்றைத் தட்டாக வெளியிட்டனர். அதில் ஹல்போட்டின் குரல் பின்னர் கூடத்தில் மீளப் பதியப்பட்டது. அவரே அதை ஏற்றுக்கொண்டுள்ளார். தலைப்பைத் திரித்து இரசிகர்கள் கேலி பேசினர். 1981 இல் மோட்டோர்ஹெட் குழுவின் மேடைத்தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கே சென்றது. தலைப்பில் இலண்டனின் ஹமர்ஸ்மித் இடம்பெறினும் அதிலுள்ள எதுவும் ஹமர்ஸ்மித்தில் பதியப்பட்டதன்று! (அத்தட்டை நாம் விரும்பிக் கேட்பவர், ஆகையால் இதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டோம்.) இன்றைய நிலை இதனினும் சிக்கலானது. ட்றம் வாசிப்பவரின் காதில் கடிகாரத்தின் துடிப்பு ஒலிக்க, முன்பே பதிந்த பக்கக் குரல்களும் வாத்தியங்களும் கணினியிலிருந்து உடன்வருகின்ற மேடைகள் பல. அங்கே தட்டைப் படிசெய்வதே மேடையின் வேலையாகிவிடுகிறது. காசு கொடுத்து வருபவன் தட்டையே கேட்க விரும்புகிறான், அதையே கொடுக்கிறோம் என்று நடத்துநர் விடைகூறுவர். சந்தை எப்போதும் தன் குற்றத்தை வாங்குபவன் தலையிலேயே சுமத்தும்.

மேடைக்குரியதாய், தட்டினாற் செய்யவே இயலாததாய் இருப்பது ஒன்றுண்டு. அது கேட்போரின் பங்கு. அயன் மெயிடனின் 'ஃபியர் ஒஃப் த டாக்' 1992 இல் தட்டாக வந்தது. அதில் கிற்றார் வாசிக்கும் இராகமொன்று வருகிறது, சொற்களற்றது. 2001 ஜனவரியில் றியோ டி ஜெனைரோவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று சொல்லப்படும் கூட்டத்தின் முன் அதை அவர்கள் வாசித்தனர். கூட்டம் அந்தக் கிற்றார் இராகத்தையே வாயாற் பாடிற்று. அப்பதிவைக் கேட்டபின் பழைய தட்டுக்குத் திரும்புபவருக்கு அதில் ஏதோ விடுபட்டதுபோலத் தோன்றும். விடுபடவில்லை, அப்போது அது இன்னும் ஆக்கப்படவில்லை. அப்பாடலின் ஆசிரியருள் அக்கூட்டத்தையும் சேர்க்கவேண்டுமென்பது எமது கருத்து. உரிமைப்பணத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்பது வேறு விடயம்.

ஆனால் கூட்டமெல்லாம் மக்கள் சக்தி என்று மயங்கவும் வேண்டாம். 1991 செப்ரெம்பர் 28 இல், ஓகஸ்ற் மாத ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோல்வியுற்றுச் சில வாரங்களே ஆன நிலையில், மொஸ்கோவின் ரூஷினோ விமானத்தளத்தில் மெற்றாலிக்காவும் வேறு குழுக்களும் வாசித்தன. கட்டணமில்லை, திரண்டவர் பல இலட்சம் எனக் கணக்கிடுவோருண்டு. படத்தில் இன்றும் பார்க்கலாம்: இளைஞரின் முகங்களில் அளவற்ற மகிழ்ச்சி, சில அடி தள்ளிக் குண்டாந்தடியோடு சீருடையினர், இடையிடையே அடி விழுகிறது. அதே சீருடையணிந்தோர் சிலர் தொப்பியைக் கழற்றி வீசித் தலையாட்டுகின்றனர். ஓர் அரசு சரிந்துகொண்டிருந்தது. புதிய சந்தையொன்று திறந்துகொண்டிருந்தது. அன்றைய நிகழ்ச்சியே விரைவில் திரைப்படமாகி விற்பனைக்கு வந்தது. அவ்விளைஞரின் மகிழ்ச்சி பொய்யென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அது யாருக்குப் பயன்பட்டது என்று கேளாமலிருக்கவும் முடியவில்லை.

2025 ஜூலை 5 இல் பிளக் சபத் குழுவின் பழைய நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து வாசித்தனர். இடம் அஸ்ரனிலுள்ள வில்லா பார்க் விளையாட்டரங்கு. அவர்கள் வளர்ந்த தெருக்களுக்கு அருகே. திரண்டவர் நாற்பதினாயிரம் பேரளவில். வருவாய் வைத்தியத் தருமங்களுக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. பார்க்கின்ஸன் நோயால் எழுந்து நிற்கவியலாத ஒஸ்போண் கறுப்பு ஆசனமொன்றில் அமர்ந்தே பாடினார். முதலில் தமது தனிக்குழுவோடு சில பாடல்களைப் பாடினார்; வீடு திரும்புவதைப் பற்றிய மெல்லிய பாடலொன்றில் குரல் தடுமாறித் தளர்ந்தபோது கூட்டம் அதைத் தன் தோளில் ஏந்திற்று. பின்னர் நால்வருமாக நான்கு பாடல்கள். அவற்றுள் முதலாவது 'வோர் பிக்ஸ்'. அப்பாடலில் வாத்தியங்கள் ஓய்ந்து, ட்றமின் கைத்தாளத் தட்டு மட்டும் துடிக்க, பாடகர் தனித்து ஓரடியைச் சொல்லும் இடைவெளிகள் உள. 1970 இன் தட்டில் அவ்விடைவெளிகளில் இருபத்தோரு வயது இளைஞனின் குரல் கத்திபோற் பாய்கிறது. அஸ்ரனில் அன்று மாலை அவ்விடைவெளிகளில் ஒலித்தது நாற்பதினாயிரம் பேரின் குரல். அதற்குள்ளே எங்கோ நடுங்கியபடி அவருடையதும் இருந்தது. வோட்டின் கைகள் பழைய விரைவை இழந்திருந்தன. ஐயோமியின் விரல்களில் உறைகள் இருந்தன.

ஜூலை 22 இல் ஒஸ்போண் காலமானார். அம்மாலையின் பதிவை எவர் எவ்வடிவில் வெளியிட்டாலும் சரி, தளர்ந்த அக்குரலைக் கூடத்துக்குக் கொண்டுசென்று செப்பனிட்டுவிடலாகாது. கூட்டத்தின் ஒலியைக் குறைத்துவிடவும் கூடாது.